வெப்பமானிக்கு ஒரு நிழற்கூடம்

திங்கட்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் நலம். உன் நலம் படத்தோடு பத்திரிகையில் வந்துவிடுவதால் தனியாகக் கேட்கவில்லை. போன வாரம் வெளிநாட்டு மாநாட்டில், பூமி கொதித்துக்கொண்டிருக்கிறது என்று நீ பேசிய படம் வந்திருந்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் கம்பளிச் சால்வை போர்த்தியிருந்தார்கள். மண்டபத்தில் குளிர் அதிகமோ? உனக்குச் சட்டென்று சளி பிடிக்கும். பேசும்போது காதை மூடிக்கொண்டால் நன்றாக இருக்காது. பேசி முடித்த பிறகாவது மூடிக்கொள்.

இங்கே நூலகத்தில் வாசகர் கூட்டம் தாங்கவில்லை. இத்தனை வருஷ உத்தியோகத்தில் இப்படியொரு அறிவுத் தாகத்தை நான் பார்த்ததில்லை. மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள மேசைகளில் தாகம் இன்னும் அதிகம். நேற்று ஒருவர் தவறிப்போய்ப் புத்தகத்தைத் திறந்துவிட்டார். பக்கம் படபடத்துத் தூக்கம் கெடுகிறது என்று பக்கத்து நாற்காலிக்காரர் சண்டைக்குப் போய்விட்டார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் தினமும் வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார். வெயில் வருஷா வருஷம் ஏறுகிறதா, தனக்குத்தான் வயதாகிறதா? இரண்டும்தான் என்று சொன்னேன். ஒன்றாவது குறையும் என்று எதிர்பார்த்திருப்பார் போல. முகம் சுருங்கிவிட்டது.

பூமி சூடாவதைப் பற்றி நம்மிடம் நல்ல புத்தகம் ஒன்று உண்டு. எதிர்வீட்டுத் தையல்காரி அதை எடுத்துப் போனவள் மறுநாளே திருப்பிக் கொடுத்தாள். அதற்குள் படித்துவிட்டாயா என்று கேட்டேன். "இல்லக்கா. குழந்தைய பக்கத்துல படுக்க வச்சிக்கிட்டு அதைப் படிக்க முடியல" என்றாள். முப்பது வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று நீ மாநாட்டில் சொன்னதை அவளிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். அவள் குழந்தைக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. ஆகவே சொல்லவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர், உன் மாமா, மேஸ்திரியாக வேலை பார்க்கும் சாலை நினைவிருக்கிறதா? தேர்தல் சமயத்தில், நடுப்பகலில், மாமாவின் ஆட்கள் தார் ஊற்றிக்கொண்டிருந்த இடத்துக்கு நீ வந்தாய். அவர்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. வெயில் உச்சிக்கு ஏறியதும் ரோலரின் கைப்பிடிக் கம்பியை மாமா வெறுங்கையால் பிடிப்பார். ரோலர் ஓட்டும் பாட்டுக்காரர் ஒரு பாட்டின் முதல் வரியைப் பாடுவார். வரி முடியும்வரை கையை வைத்திருக்க முடிந்தால் வேலை நடக்கும். முடியாவிட்டால் எல்லோரும் லாரியின் நிழலில் போய் உட்கார வேண்டியதுதான். இதில் விஞ்ஞானம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆட்கள் சாடை காட்டினால் பாட்டுக்காரர் வரியை ஊர்வலம் போல இழுப்பார், மாமா கையை எடுத்துத்தான் ஆக வேண்டும். வேலையை முடித்துவிட்டுச் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டிய நாளில் மூச்சு விடாமல் பாடி முடித்துவிடுவார். எப்படியோ, அத்தனை கோடையிலும் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போன கோடையில் மாமா ஒரு தடவை மயங்கி விழுந்தது மட்டும்தான், அதுவும் பாட்டுக்காரர் லீவில் இருந்த நாள்.

நீ அந்தக் கம்பியில் கை வைத்தாய். பாட்டுக்காரர் பாடினார். பாதி வரியிலேயே உதறிக்கொண்டு கையை எடுத்தாய். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாய்: "இந்த வெயில்ல மனுஷனை வேலை வாங்கக் கூடாதுன்னு சட்டம் கொண்டு வருவேன். அதுவரைக்கும் எங்க அக்கா வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்." நான் கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். பெருமையில் அழுதேன் என்று வைத்துக்கொள்.

சட்டம் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அழகான சட்டம். நகராட்சி வெப்பமானி நாற்பத்திரண்டைத் தாண்டினால் சங்கு ஊத வேண்டும். சங்கு ஊதினால் திறந்தவெளி வேலை எல்லாம் நிற்க வேண்டும், நின்ற நேரத்துக்கும் கூலி உண்டு. அரசிதழில் வந்த பக்கத்தை நூலகப் பலகையில் நானே ஒட்டினேன். மாமா அதைத் தொட்டுப் பார்த்தார்.

பதினைந்து நாள் கழித்து நீ ஊருக்கு வந்தாய். நகராட்சி அலுவலகத்தின் முன்னால், திறந்த மைதானத்தில் நம் அப்பா காலத்திலிருந்து நின்ற, வெப்பமானி இருக்கும் வெள்ளைப் பெட்டியைப் பின்பக்கத்துக்குக் கொண்டுபோய், பெரிய மரத்தடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். மேலே ஓலைக்கூரை, சுற்றிலும் புல்தரை, அதற்கு இரண்டு வேளையும் தண்ணீர். கருவியின் பாதுகாப்புக்காக என்று அறிவித்தார்கள். அந்தப் பெட்டியே கருவிக்குப் போதுமான நிழல், அது வெட்டவெளியில்தான் நிற்க வேண்டும் என்று நம் நூலகத்துப் பள்ளிப் புத்தகத்தில்கூட இருக்கிறது. சாலைக் காண்ட்ராக்டர் தட்டில் கத்தரிக்கோலை நீட்டினார், நீ ரிப்பனை வெட்டினாய். கல்வெட்டில் உன் பெயர் நன்றாக விழுந்திருக்கிறது. வெயிலுக்கு எதிராக இந்த ஊரில் அரசாங்கம் கட்டிய முதல் நிழற்கூடம் வெப்பமானிக்குத்தான் என்பது வரலாற்றில் நிற்கும்.

அன்று மாமா குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். சட்டம் வந்துவிட்டதே, இனி வாசற்படியை மிதிக்க உனக்குத் தடை ஏதுமில்லை என்பது அவர் கணக்கு. உன் கார் அவர் போட்ட சாலையில் குலுங்காமல் போனது. ரோடு நல்லா வந்திருக்கு என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

அதற்குப் பிறகு இந்தக் கோடையில் ஒரு நாளும் சங்கு ஊதவில்லை. அது பரவாயில்லை என்றுகூடச் சொல்வேன், பழைய வழக்கமாவது இருந்திருந்தால். கம்பியைத் தொட்டு வேலையை நிறுத்துவது இப்போது சட்டவிரோதமாம். அதிகாரபூர்வமாக வெயில் இல்லாதபோது நிழலுக்குப் போனால் வேலைக்கு வராத கணக்கு என்கிறார் காண்ட்ராக்டர். அதைவிட மோசம், மாமாவே கம்பியைத் தொடுவதில்லை. நம் வீட்டுப் பிள்ளை கொண்டு வந்த சட்டம், நாமே மதிக்காவிட்டால் வேறு யார் மதிப்பார்கள் என்கிறார். சங்கு ஊதும் என்று காத்திருக்கிறார். அவர் நம்புவதால் ஆட்களும் நம்புகிறார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பேசத் தெம்பில்லாமல் தரையில் படுத்துவிடுகிறார்.

நான் கேட்பது ஒன்றுதான். பெட்டியைப் பழைய இடத்தில் வைக்கச் சொல். கூரையும் புல்லும் கல்வெட்டும் இருக்கட்டும். நாங்கள் போய் உட்கார்ந்துகொள்கிறோம்.

மருந்தை வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ மனசு வைத்தால் செய்வாய் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும்,
உன் அக்கா


அமைச்சர் அலுவலகம்

மதிப்பிற்குரிய அம்மையீர்,

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்குத் தாங்கள் அனுப்பிய மனு கிடைக்கப்பெற்றது. தங்கள் ஊரில் இக்கோடையில் வெப்பநிலை சட்ட வரம்பைத் தாண்டியதாகப் பதிவு ஏதும் இல்லை எனச் சம்பந்தப்பட்ட துறை தெரிவித்துள்ளது. எனவே மேல்நடவடிக்கை தேவைப்படவில்லை. பொதுமக்கள் வெயிலில் செல்வதைத் தவிர்த்து, போதிய நீர் அருந்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

இப்படிக்கு,
அமைச்சரின் தனிச்செயலருக்காக


ஞாயிற்றுக்கிழமை

தம்பிக்கு,

மூன்று வாரம் கழித்து உன் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. நான் எழுதியதைக் கடிதம் என்று நினைத்திருந்தேன், மனு என்று திருத்தியிருக்கிறார்கள். அம்மையீர் என்று என்னை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. மரியாதைக்கு நன்றி. நீர் அருந்தினேன்.

அந்தப் பதில் வந்தது புதன்கிழமை காலை. மதியம் பாட்டுக்காரர் போய்விட்டார்.

பள்ளிக்கூடத்துச் சாலையில் வேலை. அன்று நடந்ததை ஆட்கள் ஒவ்வொருவராக என்னிடம் சொன்னார்கள். மாமா சொல்லவில்லை. வெயில் உச்சிக்கு வந்ததும் பாட்டுக்காரர் ரோலரை நிறுத்திவிட்டு, கையை வைக்கும்படி மாமாவிடம் சொல்லியிருக்கிறார். சங்கு ஊதட்டும் என்றிருக்கிறார் மாமா. "உங்க மச்சினன் சட்டம் தூங்குது மேஸ்திரி. நான் வேணா பாடி எழுப்பட்டுமா?" என்று கேட்டிருக்கிறார் பாட்டுக்காரர். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். மாமாவும் சிரித்திருக்கிறார். பிறகு ரோலர் கிளம்பியது. திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போய் ஜல்லிக் குவியலில் முட்டி நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தபோது ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாராம். உடம்பு அனலாகக் கொதித்தது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இதயம் நின்றதால் மரணம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். இதயம் நிற்காமல் யாராவது செத்திருக்கிறார்களா என்று நான் கேட்டேன். நல்ல மனுஷர், தலையைக் குனிந்துகொண்டார். வெயிலால்தான் என்று அவருக்கும் தெரியுமாம், ஆனால் அன்றைய பதிவில் முப்பத்தொன்பது என்று இருக்கும்போது அப்படி எழுத முடியாதாம். ஆகவே அன்று வெயில் இல்லை. இல்லாத வெயிலில் ஒரு மனுஷர் வெந்து போயிருக்கிறார். இதைப் போல ஒன்றைப் படித்ததாக எனக்கு நினைவில்லை. நீயும் மாநாட்டில் சொல்லலாம்.

அவர் மனைவி அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் உட்கார நாற்காலி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்:

"ஏன் மேஸ்திரி, அன்னிக்கு நீங்க கைய வைக்கலியா?"

மாமா அவள் காட்டிய நாற்காலியில் உட்காராமல் வீட்டுக்கு வந்துவிட்டார். ராத்திரி முழுக்க அவர் விழித்திருந்ததை நானும் விழித்திருந்து பார்த்தேன். உன்னை ஒரு வார்த்தை திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் தன்னைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். அந்தக் கல்வெட்டில் அவர் பெயர் எங்கும் இல்லையே என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டதாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனார். அதே ரோலர், புது டிரைவர். உச்சி வெயிலில் மாமா போய்க் கம்பியைப் பிடித்தார். ஆட்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாட யாரும் இல்லை. வரி ஆரம்பிக்காமல் எப்படி முடியும்? அவர் கையை எடுக்கவே இல்லை. கடைசியில் இரண்டு பேர் சேர்ந்து விரல் விரலாகப் பிரித்து எடுத்தார்களாம். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். இப்போது சோற்றை நான்தான் ஊட்டுகிறேன். மறுப்புச் சொல்லாமல் வாயைத் திறக்கிறார், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அன்றே ஆட்கள் எல்லோரும் லாரி நிழலில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். இன்றுவரை எழுந்திருக்கவில்லை. காண்ட்ராக்டர் வேறு ஆட்களைக் கூட்டிவரப் போவதாகச் சொல்லியிருக்கிறார். வருகிறவர்களும் சங்குக்குக் காத்திருப்பார்கள்.

வெள்ளைப் பெட்டியைப் பற்றி இனி நான் கேட்கப் போவதில்லை. அது மரத்தடியிலேயே இருக்கட்டும், இந்த ஊரில் அதாவது பிழைக்கட்டும். அரசிதழ்ப் பக்கத்தைப் பலகையிலிருந்து எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். கிழிக்க மனம் வரவில்லை. மாமாவின் விரல் பட்ட இடத்தில் தார்க் கறை இருக்கிறது.

நீ ஒரு தடவை வா. கார், கத்தரிக்கோல், தட்டு எதுவும் வேண்டாம். சாயங்காலம் வராதே, நீ வழக்கமாகக் காலையில் வந்து போகும் நேரத்திலும் வராதே. மதியம் வா. முதலில் வாசற்படியை மிதி, அதற்கு நீ சொன்ன தடை நீங்கி நாளாகிறது. அதன் பிறகு நாம் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துச் சாலைக்கு நடந்து போவோம். ரோலர் அங்கேயேதான் நிற்கிறது. கம்பியில் நீ கையை வை.

நான் பாடுகிறேன். எனக்குக் குரல் கிடையாது என்பது உனக்குத் தெரியும், சின்ன வயதில் நான் வாயைத் திறந்தாலே காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாய். ஆனால் அந்த முதல் வரி எனக்கு நன்றாகத் தெரியும். உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான், வரியை இழுக்க மாட்டேன்.

எங்கே இருந்தாலும் உன் தலைக்கு மேல் நிழல் இருக்கட்டும்.

அக்கா