ஒரு துறைக்கு மட்டும் சீமெந்து

மார்கழி 4, வியாழன்
காலையிலிருந்து வாடைக்காற்று. வேட்டி காயவில்லை. சனிக்கிழமைச் சங்கக் கூட்டத்தில் சொல்ல வேண்டியவை:
1. நடக்க இயலாதவர்கள் லோஞ்சுப் படகில் ஏறச் சரிவும் கைபிடியும் கட்ட வேண்டும். கிடைத்த சீமெந்து ஒரு துறைக்கே போதும்.
2. நயினாதீவுக்குக் கொடுக்கலாம். கோயிலுக்கு வருபவர்களில் ஊன்றுகோலுடன் பலர்.
3. நெடுந்தீவுக்குத் தேவையில்லை. நான் போய் நின்றபோது அப்படி ஒருவரும் ஏறவில்லை.
மூன்றாவதைச் சொல்லத் துணிவு வருமா?

6, சனி
சொல்லிவிட்டேன். தலைவருக்கு அதுதான் பிடித்தது. நெ.தீவு லோஞ்சு ஓட்டும் சூசை மட்டும் சிரித்தார்.
"மாஸ்டர், எங்கடை துறையிலை ஆடு ஏத்திறதைப் பாத்தனீங்களோ? காலைக் கட்டிக் கைமாத்திறது. மனிசரையும் அப்பிடித்தான். ஒருக்கா வீட்டை வாங்கோவன்."
வருகிறேன் என்றேன். தீர்மானம்: நயினாதீவு. கைதட்டினார்கள். கொஞ்சம் சந்தோஷம். வீடு வந்ததும் சந்தேகம்.

19, வெள்ளி
மழை விட்டது. பல்வலி. நெ.தீவு போனேன்.
சூசையின் தங்கை பிலோமினா. போரில் ஷெல் விழுந்து வலக்கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. புண் மறுபடி சீழ் பிடித்திருக்கிறது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போக மறுக்கிறாளாம். ஏன் என்று கேட்டேன். தையல் மெஷினை நிறுத்தாமல் சொன்னாள்.
"ஒருக்கா தூக்கி ஏத்தினவங்கள், மாஸ்டர். எங்கையெல்லாம் பிடிச்சாங்கள் எண்டு சொல்ல ஏலாது. கரையிலை நிண்டவை சிரிச்சவை. இனி ஏறமாட்டன்."
பிறகு: "சரிவு கட்டினா நான் தவண்டெண்டாலும் ஏறுவன். எப்ப கட்டுறியள்?"
அண்ணன் தீர்மானத்தைச் சொல்லவில்லை போலும். நானும் சொல்லவில்லை. தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.

27, சனி
ஒரு வாரம் யோசித்து, ஒத்திகை பார்த்து, தலைவரிடம் போனேன். நயினாதீவில் கொங்கிறீட் போட்டாயிற்று. சீமெந்து மிச்சமில்லை. "நீங்கள் சொன்னபடிதானே செய்தனாங்கள், மாஸ்டர்" என்றார், அன்பாகவே.

தை 2, வெள்ளி
நல்ல வெயில். குறிகட்டுவான் துறையில் சூசையைக் கண்டேன். சட்டையில் கறுப்புத் துண்டு குத்தியிருந்தார்.
காய்ச்சல் ஏறி நினைவு தப்பும்வரை பிலோமினா யாரையும் தொடவிடவில்லையாம். பிறகு பாயில் சுற்றி ஏற்றியிருக்கிறார்கள். லோஞ்சிலேயே உயிர் போய்விட்டது.
"ஏத்தேக்கை ஒரு சத்தமும் போடேல்லை" என்றார். என்னைத் திட்டியிருக்கலாம்.

அன்று எழுதிய மூன்றாவது குறிப்புப் பிழை. துறையில் நின்று பார்த்தேன். வீடுகளுக்குள் பார்க்கவில்லை.