சனம் எங்கே நிற்கிறது

வைகாசி 12, செவ்வாய்

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. ஆட்டோ முழுக்கப் புழுதி. கழுவி நிறுத்தியாயிற்று. இன்று ஓட்டம் இல்லை, படிப்புத்தான்.

வெள்ளி, சுற்றுலா வழிகாட்டி அனுமதிக்கு நேர்முகம். இரண்டாம் தடவை. போன தடவை தாஜ்மஹால் என்றதும் உயரம், ஆண்டு, கல்லின் பெயர் எல்லாம் கிளிப்பிள்ளைபோல் ஒப்புவித்தேன். "சரி, அதிலை உமக்கு என்ன விளங்குது?" என்றார்கள். திரும்பவும் உயரத்தையே சொன்னேன். இந்த முறையும் விட்டால் கடைசிவரை ஆட்டோதான். அதில் குறைவில்லை. ஆனால் ஆசை விடுகிறதா?

படிக்க: பிரமிட், பார்த்தினன் என்ற கிரேக்கக் கோயில், ஹாகியா சோபியா என்ற பழைய தேவாலயம், தாஜ்மஹால், தஞ்சைப் பெரிய கோயில், எங்கள் ஊரில் ஒல்லாந்தர் ஆண்ட கோட்டை.
வாங்க: தேங்காய், சின்ன வெங்காயம், சவர பிளேட்.

13, புதன்

வசந்தி கறிக்குக் கணவாய் வெட்டுகிறாள், நான் பக்கத்தில் இருந்து உரக்கப் படிப்பு. கேட்டாளே ஒரு கேள்வி.
"இஞ்சேருங்கோ, உயரம் அகலம் எல்லாம் சரி. சனம் எங்கை நிக்கிறது?"
எரிச்சல் வந்தது. படங்களைத் திரும்பப் பார்த்தேன். பிரமிட்: உள்ளே செத்த ராசா மட்டும், சனத்துக்கு இடமே இல்லை. ஹாகியா சோபியா: அவ்வளவு பெரிய கூரையும் சனத்துக்காகத்தான். கோட்டை: உள்ளே ஒல்லாந்தர், வெளியே நாங்கள். பெண்சாதி கெட்டிக்காரிதான். அவளிடம் சொல்லவில்லை.
கறி நல்ல உறைப்பு.

15, வெள்ளி

முடிந்தது. மூன்று பேர். நடுவில் இருந்த அம்மா பார்த்தினன் படத்தைக் காட்டினார். வாய் முந்திக்கொண்டது: "மூலஸ்தானத்திலை அம்மன். சனம் வெளிவீதியிலை."
ஐயோ!
பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். "கிரேக்கத்திலை ஏது வெளிவீதி? நல்லூர்த் திருவிழாவெண்டு நினைச்சிட்டீங்களோ?"
துலைந்தேன் என்று நினைத்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை.
"இல்லை, அவர் சொல்லுறது சரி. அங்கையும் பலிபீடம் வெளியிலைதான். நீங்கள் சொல்லுங்கோ."
பிறகு என்னை நிறுத்த ஆளில்லை. எங்கள் சாமி தேர் ஏறி வெளியே வந்து சனத்தைப் பார்ப்பார், கிரேக்கத்து அம்மன் வந்ததாக நான் படிக்கவில்லை என்றும் சொன்னேன். சிரித்தவரும் எழுதிக்கொண்டார்.
திரும்பும்போது கொக்குவில் கடவையில் ரயில் கடந்து போகட்டும் என்று ஆட்டோவில் காத்து நின்றேன். சும்மா ஒரு சந்தோஷம்.

23, சனி

கடிதம். தேறிவிட்டேன்! இரண்டு தரம் வாசித்தேன். கண் கலங்கிவிட்டது.
"முதல்லை ஆரைக் கூட்டிக்கொண்டு போவம்?" என்று வசந்தியிடம் கேட்டேன்.
"என்னை. நான் ஒருநாளும் கோட்டைக்குள்ளை போகேல்லை."
கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அந்த வாசலில் எத்தனை பேரை இறக்கிவிட்டிருப்பேன். இவளை ஒருநாளும் இல்லை. வெட்கமாய்ப் போயிற்று.
"நாலு மணிக்குப் போவம், வெளிக்கிடும்" என்றேன்.
சேலை மாற்றுகிறாள். "கேக்கிறதுக்கு அஞ்சாறு கேள்வி வச்சிருக்கிறன்" என்று அறைக்குள்ளிருந்து குரல்.
நேர்முகத்துக்குப் படித்ததைவிடக் கவனமாய்க் கோட்டைக் குறிப்புகளைத் திரும்பப் புரட்டுகிறேன்.