பாலைப்பழமும் பதினொரு வரிகளும்

11.06.2001 திங்கள்

கச்சான் காற்று. கொப்பியெல்லாம் புழுதி. நாளைக்கு: வெள்ளைச் சட்டை தோய்க்க வேண்டும், குமுதாவுக்குப் பின்னக் கணக்கு, வசந்தியிடம் கோடு போட அடிமட்டம்.

இன்று படிவம் வந்தது. றோணியோ அடித்த தாள், மை மணம். எங்கள் ‘சோடி’ வேலை இப்போது ஏழு பள்ளிக்கூடங்களில் நடக்கிறதாம். மல்லாவியில் அதற்கென்று ஓர் அலுவலக அறை, பெயர்ப்பலகை, ஒரு மோட்டார் சைக்கிள். “இனி எல்லாம் எழுத்திலை இருக்கவேணும் பிள்ளையள்” என்றார் தவமணி ரீச்சர்.

தொடங்கியபோது நான்கே நான்கு சோடி. பெரிய வகுப்பு அக்கா ஒருவர், இடம்பெயர்ந்து வந்த சின்னப்பிள்ளை ஒன்று. அப்போது நான்தான் சின்னப்பிள்ளை. இரண்டு கிழமை வாய் திறக்கவில்லை. சுகந்தி அக்கா என்னைப் பாலை மரத்தடிக்குக் கூட்டிப்போய்ப் பழம் தந்தார். தின்றதும் உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டது. “பாத்தியா, கதைக்காட்டி இப்பிடித்தான்!” சிரித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கம். மனதில் இருப்பதைச் சொல்லி முடித்ததும் ஆளுக்கு ஒரு பாலைப்பழம். வாய் ஒட்டிவிட்டது, இனி வெளியே போகாது. ஒரு சொல்லும் யாரும் எழுதியதில்லை.

இப்போது நான் அக்கா. என் சோடி குமுதா, ஆறாம் ஆண்டு. மலையகத்திலிருந்து வந்து இங்கே வயல் கூலி செய்யும் குடும்பம். அவள் “வந்துட்டேங்க” என்றால் வகுப்பே சிரிக்கும்.

படிவத்தின் கடைசிக் கேள்வி: ‘பிள்ளையின் குடும்பப் பிரச்சினை யாது? விபரமாக எழுதுக.’ பேனையால் பதினொரு வரி எழுதினேன். வசந்தி எட்டிப் பார்த்தாள். “என்னடி, சோதினையே எழுதுறாய்?”

12 செவ்வாய்

நித்திரை இல்லை. அம்மா படுத்த பிறகு எழுதுகிறேன்.

குமுதாவின் அண்ணன் ஓமந்தை தாண்டி ஆமிப் பக்கம், வவுனியாவுக்குப் போய்விட்டான் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறார்கள். போகவில்லை. சண்டைக்கு ஆள் கேட்டு வருகிறவர்களுக்குப் பயந்து வீட்டுக்குள்ளே நெல் மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கிறான். குமுதா என்னிடம் மட்டும் சொன்னது. சொல்லிப் பழமும் தின்றோம்.

அதை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். அவன் பெயர், வயது, எந்த மூட்டை என்பதுகூட. விபரமாக என்று கேட்டிருந்ததே. விபரம் விட்டால் புள்ளி குறையும் என்றே பழகிவிட்டேன்.

அந்தத் தாள் எத்தனை கை மாறும்? ஒருவர் வாசித்தால் போதும்.

13 புதன்

இடியப்பம், சொதி. 

ரீச்சரிடம் படிவத்தைத் திருப்பிக் கேட்கப் போனேன். வாய் திறக்குமுன் அவரே, “உன்ரை எழுத்து வடிவு. நிறையவும் எழுதியிருக்கிறாய். இன்னும் வாசிக்க நேரமில்லை, ஆனா அதைத்தான் மேலை வைச்சிருக்கிறன். மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் மாதிரியாக் காட்டுவினம்.”

ஏழு பள்ளிக்கூடத்துக்கும்.

படிவமெல்லாம் அலுமாரிக்குள், அதற்குப் பூட்டு. வெள்ளிக்கிழமை மல்லாவி அலுவலகத்துச் சேர் வந்து எடுத்துப் போவார்.

சுகந்தி அக்கா இப்போது எங்கே? வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருவார் என்று பார்த்தேன், வரவில்லை. அந்த நேரம் அலுமாரியும் இல்லை, பூட்டும் இல்லை. மரம் மட்டும்தான்.

14 வியாழன்

பின்னக் கணக்கு பத்துக்கு எட்டு. குமுதா குதித்தாள். தேக்கம் இலையில் சுற்றிப் பாலைப்பழம் கொண்டுவந்திருந்தாள். “அண்ணன் குடுக்கச் சொல்லுச்சுக்கா. அதுக்குத் திங்கப் பிடிக்காதாம், பல்லுல ஒட்டுதாம்.”

பிறகு மெதுவாக, “யாருகிட்டயும் சொல்லலயேக்கா?”

“இல்லையடி” என்றேன். சொல்லவில்லைதானே. எழுதினேன்.

பழம் தின்னவில்லை. பொட்டலத்தைப் பைக்குள் வைத்தேன்.

15 வெள்ளி

கை இன்னும் பிசுபிசுப்பு.

காலையில் ரீச்சர் படிவக் கோவையை என்னிடம் தந்து, ஒவ்வொரு படிவத்துக்கும் இலக்கம் போடச் சொன்னார். மேலே என்னுடையது. வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம். கிழிக்கலாமா? எண்ணிப் பார்ப்பார்கள். பைக்குள் பொட்டலம். அந்தப் பதினொரு வரியின் மேல் ஒரு கைப்பிடிப் பழத்தைக் கொட்டினேன், கோவையை மூடினேன், அதன்மேல் ஏறி இருந்தேன்.

சேர் திறந்தார். மட்டை வரவில்லை. இழுத்தார். என் தாளின் பாதி மட்டையோடு போனது, மீதி கூழ்.

“என்ன பிள்ளை இது?”

“பழம், சேர்.”

“பழத்தை வைக்கக் கோவையோ கிடைச்சது? மல்லாவியிலை என்னைக் கேட்டா, பாலைப்பழம் வாசிச்சனான் எண்டே சொல்லுறது?”

வசந்தி அடக்க முடியாமல் சிரித்தாள். ரீச்சர் என் காதைத் திருகினார். மாதிரிப் படிவம் போனதே என்று அவருக்குக் கோபம். மிச்சம் ஒரு வெற்றுப் படிவம் இருந்தது. நின்றபடியே எழுதினேன்: ‘கணக்கில் முன்னேறுகிறார். வேறு பிரச்சினை இல்லை.’

ரீச்சர் அதைப் பார்த்தார். “முந்தி நிறைய எழுதியிருந்தியே?”

“மறந்து போனன், ரீச்சர்.”

புதுப் படிவத்தைச் சேரிடம் நீட்டினார். “சரி. போய் எண்ணெய் பூசிக் கையைக் கழுவு. தண்ணியிலை போகாது.”

மட்டையில் ஒட்டிய துண்டைச் சுரண்டி எடுத்து வந்து குசினி அடுப்பில் போட்டேன். சீனி கருகும் மணம்.

குமுதாவின் அண்ணன் இன்றைக்கும் மூட்டைக்குப் பின்னால்தான் இருப்பான்.

இப்போதுதான் இந்தக் கொப்பியின் முன்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். செவ்வாய்க்கிழமை இங்கேயும் எழுதியிருக்கிறேன். அவன் பெயரும் வயதும்தான் இல்லை.

பொட்டலத்தில் இன்னும் மூன்று பழம் இருக்கிறது.