ஒட்டக்கூடாத இறக்கை

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. சாயங்காலம் உங்கள் அக்கா வருகிறார் என்பதற்காகச் சாப்பாட்டு மேஜையைக் காலி செய்ய மாட்டேன்.

நேற்றைய சண்டைக்குச் சமாதானமாக, மேஜை மேல் நான் செய்துவரும் பிளாஸ்டிக் மாதிரிப் போர் விமானத்தின் ஒடிந்த இறக்கையை ஒட்டி வைத்திருக்கிறீர்கள். நான் செய்துகொண்டிருப்பது, போரில் அடிபட்டு வயலில் விழுந்த விமானம். இறக்கையை மெழுகுவர்த்தியில் வாட்டி ஒடித்ததே நான்தான். காலையில் மறுபடி ஒடித்துவிட்டேன். "உடைஞ்சதுல என்ன அழகு?" என்று அக்கா கேட்டால், என்னிடம் கேட்கச் சொல்லுங்கள். விமானத்தின் மூக்கில் இருப்பது அழுக்கில்லை, நான் பூசிய கரி. துணியோடு கிட்டே போகாதீர்கள்.

சொல்ல மறந்துவிட்டேன்: உங்கள் ஒட்டு நல்ல கெட்டி. பிரிக்க அரைமணி நேரம் ஆயிற்று. அந்தக் கைவரிசையை ஆறு மாதமாக ஆடும் நாற்காலிக் காலில் காட்டுங்கள், அக்கா அதில் உட்காருவதற்குள்.