நடக்காத பைனல்

ஞாயிறு, இரவு.

எங்கள் வயதுப் பையன்களைத் தெருவில் திருடுகிறார்கள். படையில் சேர்ப்பது என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மாலையில் பபேடான் பேட்டையில் காதர் நானாவின் டீக்கடையில் கால்பந்து மேட்ச் பார்த்தேன். அவர் நீலச்சட்டை அணி, நான் சிவப்பு. அந்த இரண்டு இங்கிலாந்து அணிகளும் மோதிய ஆட்டமெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். மேட்ச் முடிந்ததும் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். வாசலில் நின்றிருந்த நானா சட்டென்று உள்ளே வந்து வழியை மறித்தார்.

“இந்த ரெண்டு டீமும் பைனல்ல மோதினதே இல்ல தம்பி.”

“என்ன நானா உளர்றீங்க? நீங்கதானே கப்பு எடுத்தீங்க! நாங்க அழுதோமே!”

“கனவுல அழுதிருப்பே. உக்காரு, இன்னொரு லப்பெயே டீ குடி. முதல் மேட்சுலேருந்து சொல்லு, பார்ப்போம்.”

உட்கார்ந்தேன். என் அணி தோற்றதை நிரூபிக்கத் தொண்டை வறளக் கத்தினேன். அவர் அசையவில்லை. வெளியே ஒரு லாரி கிளம்பிப் போன பிறகுதான், “சரி, மோதினோம், ஜெயிச்சோம். இப்பப் போ” என்றார்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு பையனை ராணுவ லாரியில் ஏற்றிப் போனார்களாம். வெற்றிலைக் கடை அக்கா சொன்னாள். என் வயதுதானாம்.

நானா லாரியைப் பார்த்திருக்கிறார். கடையில் யார் யாருடைய ஆள் என்று தெரியாது, வாய்விட்டுச் சொல்ல முடியாது. தன் அணியின் மிகப் பெரிய வெற்றியையே எனக்காக இல்லை என்று சாதித்த மனிதர். நாளை நன்றி சொன்னால் கேலி செய்வார். செய்யட்டும், சொல்லத்தான் போகிறேன்.

அந்தப் பையனை மறித்து வம்பு பேச யாரும் இல்லை. எங்கே வைத்திருக்கிறீர்கள் அவனை? வீட்டுக்கு அனுப்புங்கள்.