மேஜரின் பல்

மத்தியச் சிறை, மதுரை
9.6.2024

அன்புள்ள சுதாவுக்கு,

நான் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? ஜீப் விபத்துக்குக் கொடுத்த தண்டனை தை மாதத்தோடு முடிந்துவிடும் என்கிறார்கள். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இரு.

ஒரு வேலை சொல்கிறேன், சிரிக்காதே. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மேஜருக்குப் பல் தேய்த்துவிடு. குட்டியாக அவனை என் கையில் கொடுத்தபோதே, நான் ஜீப் ஓட்டிய பங்களா ஐயா சொல்லித் தந்த பழக்கம். நாம் தேய்க்கிற பேஸ்ட் நாய்க்கு ஆகாது. பரண்மேல் நாய் பேஸ்ட் இருக்கும். விரலில் துணியைச் சுற்றிக்கொள். உதட்டைத் தூக்கி வெளிப்பக்கம் மட்டும் மெதுவாகத் தேய். கடைவாயில்தான் மஞ்சள் ஏறும். முடிந்ததும் தாடையைத் தடவிக்கொடு, சொக்கிப்போவான். வருடா வருடம் போடும் வெறிநாய் ஊசியையும் மறக்காதே.

என்றும் உன்,
தனசேகர்

செண்பகனூர்
20.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

என் உடம்புக்கு ஒரு வரி, நாய்ப் பல்லுக்கு ஒரு பக்கமா? நன்றாக இருக்கிறது நியாயம்.

முதல் நாள் துணியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். இப்போது துணியைப் பார்த்தாலே வந்து உட்கார்ந்து வாயைத் திறக்கிறான். பக்கத்து வீட்டு பிரதீப் அண்ணன் வேலியோரம் நின்று, அப்படியே பவுடரும் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்கிறார்.

எனக்குப் பூண்டு உரிக்கும் வேலைதான். மலைப்பூண்டுக் காரத்தில் விரலெல்லாம் வெந்து வெடித்துவிட்டது. ராத்திரி எண்ணெய் போட்டாலும் கேட்கவில்லை. ஊசிக்கு ஆஸ்பத்திரி போக ஒரு நாள் சோலி கெடும் மாமா, ஊருக்குள் ஊசி கேம்ப் வரும்போது போட்டுவிடுகிறேன். போன வாரம் எங்கிருந்தோ வந்த தெருநாய் ஒன்று மேஜரின் காதைக் கடித்துவிட்டது. மஞ்சள் வைத்தேன், ஆறிவிட்டது.

உங்கள்,
சுதாராணி

செண்பகனூர்
21.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள். மேஜர் போய்விட்டான்.

திடீரென்று கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான். தாடை தொங்கிவிட்டது, எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. தண்ணீர்ச் சட்டி முன்னால் நின்றான், விழுங்கத் தெரியவில்லை. கடைவாயில் எலும்பு மாட்டியிருக்கும், ஈறு வீங்கியிருக்கும் என்று நினைத்தேன். துணியோடு விரல் கடைவாய் இடுக்கில் போகவில்லை. அவிழ்த்துவிட்டு வெறுங்கையால் தொண்டை வரைக்கும் துழாவினேன். ஒன்றும் அகப்படவில்லை. உப்புத் தண்ணீர் தொட்டு ஈறெல்லாம் தேய்த்துவிட்டேன். கையெல்லாம் எரிந்தது. பேசாமல் காட்டிக்கொண்டு நின்றான் மாமா, ஒரு உறுமல் இல்லை. இரண்டாம் நாள் காலையில் விறைத்துக் கிடந்தான். பேரிக்காய் மரத்தடியில் புதைத்தோம்.

எதற்கும் ஊசி போட்டுக்கொள் என்றார் பிரதீப் அண்ணன். "கடிக்கவே இல்லையேண்ணே, எதுக்கு ஊசி?" என்று சொல்லிவிட்டேன். போன் தண்ணீர் டிரம்மில் விழுந்து செத்துவிட்டது. நாளைக்கு வெள்ளனே மன்னவனூருக்குப் பூண்டு பிடுங்கப் போகிறேன். அறுவடை முடிகிற வரைக்கும் அங்கேயே கொட்டகையில் தங்கல்தான். இந்த வீட்டில் இப்போது இருக்க முடியவில்லை.

உங்கள்,
சுதாராணி

மத்தியச் சிறை, மதுரை
27.7.2024

சுதா,

இதைப் படித்ததும் அப்படியே கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போ. உடுப்பு மாற்றக்கூட நிற்காதே.

உன் கடிதத்தை இங்கே டாக்டரிடம் காட்டினேன். அது வெறிநோயேதான் என்கிறார். கடிக்க வேண்டியதே இல்லையாம், வெடித்த விரலில் எச்சில் பட்டாலே போதுமாம். ஊசியை உடனே போட்டால் பிழைக்கலாம், நோய் வெளியே தெரிந்த பிறகு மருந்தே கிடையாது என்கிறார்.

இங்கே வார்டர் ஐயா ஒருவர் உனக்குப் போன் போட்டுப் பார்த்தார், போகவில்லை. பிரதீப் நம்பரும் என்னிடம் இல்லை. மன்னவனூரில் யார் தோட்டம் என்று எழுதாமல் விட்டாயே அம்மா. கும்பிட்டுக் கேட்கிறேன், வெரசாப் போ.

தனசேகர்

செண்பகனூர்
12.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

இன்று மதியம்தான் மன்னவனூரிலிருந்து வந்தேன். கதவுக்கு அடியில் உங்கள் கடிதம் கிடந்தது. நின்றபடியே படித்தேன்.

சில நாளாகவே விரலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது, தோள் வரைக்கும் குத்தியது. மூட்டை தூக்கிய வலி என்று விட்டுவிட்டேன். நேற்றிலிருந்து தண்ணீர் இறங்கவில்லை. டம்ளரைத் தூக்கினாலே தொண்டை இழுத்துப் பிடிக்கிறது. மேஜருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பயமாக இருக்கிறது மாமா. நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று ஆத்திரமாகவும் இருக்கிறது. பிரதீப் அண்ணன் ஆட்டோ கூப்பிடப் போயிருக்கிறார். அவர் பிள்ளைகளை நான் கிட்டே வரவிடவில்லை. நான் வாய் வைத்த டம்ளரைத் தனியே ஒதுக்கிவிட்டேன்.

பல் தேய்க்கச் சொன்னதால்தான் இப்படி ஆனது என்று நினைத்து, அங்கே சோறு தண்ணி இல்லாமல் கிடக்காதீர்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும் கையை விட்டுத்தான் இருப்பேன். வாயில்லா ஜீவன் அது, தவிப்பதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது?

கவரை நாக்கால் ஒட்டவில்லை. சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறேன். அங்கே பிரித்துப் பார்க்கிறவர்களிடமும் சொல்லுங்கள். பயப்படாமல் தொடலாம்.

உங்கள்,
சுதாராணி