குடிக்காதவனின் மனு

றொசல்ல,
12.07.1978

அன்புள்ள சூசை,

உன் கடிதம் கிடைத்தது. நீ மறுபடி முகாமில் லொறி ஓட்டுவது சந்தோஷம். சார்ஜன்ட் நம் இருவரையும் ஒன்றாகக் கண்ட அன்று நீ குடிவெறியில் இருந்ததாக எழுதிக் கொடுத்ததில் எனக்குக் கோபமில்லை. ராகலையில் உன் தங்கைகள் மூன்று பேரும் உன்னை நம்பித்தானே இருக்கிறார்கள்.

அதே தாளைத்தான் மேஜர் எனக்கும் நீட்டினார். கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமையே வேலை என்றார். நல்ல மனிதர்.

அப்பாவும் விடுவதாக இல்லை. "குடிச்சிருந்தேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயேன்டா. இந்தத் தோட்டத்துல யாரு எழுதிக் குடுக்கல?" என்கிறார். உண்மைதான். பெண்டாட்டியை அடித்தவனும் தேயிலை மலையில் வேலை வாங்கும் கண்டாக்கையாவை ஏசியவனும் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து நிற்கிறார்கள். குடித்தவனுக்கு எங்கேயும் மன்னிப்பு இருக்கிறது.

களைப்பாக இருக்கிறது, சூசை. ஆனாலும் நேற்று மேலிடத்துக்கு என் மனுவை அனுப்பிவிட்டேன். நாலு வருடத்தில் ஒரு லொறியையும் மோதியதில்லை. லீவு முடிந்து ஒரு நாள்கூடப் பிந்திப் போனதில்லை. நான் நேசிப்பது ஒரு ஆண்பிள்ளையைத்தான். அதை மறைக்காமல் என் வேலையைச் செய்ய விடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். கிடைக்கும் என்று நினைக்கவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"அன்று நான் குடித்திருக்கவில்லை" என்று முடித்தேன்.

உன் பெயரை எழுதவில்லை. நீயும் குடித்திருக்கவில்லை என்பதையும் எழுதவில்லை. அது நமக்குள் இருக்கட்டும்.

என்றும்,
உன் பக்கத்துக் கட்டில்காரன்